கல்லைப் பேச வைத்தவர்

கர்நாடகத்தில், கோலார் தங்கவயலுக்கு அருகே பாலாற்றின் கரையில் அமைந்துள்ளது பேத்தமங்களா என்னும் ஊர். நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, தமிழகத்திற்குள் நுழைவதற்கு முன்னர் இவ்வூரின் பெரிய ஏரியை நிறைத்துச் செல்கிறது. தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பொன்னைத் தேடிய தொழிலாளர்களும், பிழைப்புத் தேடி அங்கு வந்து குடியேறிய அவர்களது தமிழ்க் குடும்பங்களும் பல பத்தாண்டுகள் இந்த ஏரியின் நீரைப் பருகி வாழ்ந்தனர். 2001ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏரி இன்றும் இருக்கிறது.

இந்த ஏரியின் வரலாறு என்ன? ஊரின் பழைய பெயர் என்ன? இவற்றுக்கான விடை ஏட்டில் இல்லை, வாய்மொழியாகவும் வரவில்லை. இப்பகுதியின் கல்வெட்டுகளில் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளாக அக்கற்கள் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தன. ஆடு மேய்ப்பவர்கள் அவற்றின் நிழலில் அமர்ந்தனர். குழந்தைகள் அவற்றின் மேல் ஏறி விளையாடினர். ஆனால் அவற்றில் வெட்டப்பட்டிருந்த எழுத்துக்களைப் படிக்க ஊராருக்குத் தெரியவில்லை. மொழி அவர்கள் முன்னோரின் மொழி, எழுத்தோ அந்நியமாகிவிட்டிருந்தது.

வடமொழியில் எழுத்திற்கு அட்சரம் என்று பெயர். அழிவற்றது என்பதும் அதே சொல்லின் பொருள். ஆனால் படிப்பவர் ஒருவரும் இல்லாதபோது, கல்லில் வெட்டிய எழுத்தும் வெறும் கீறலாகிவிடுகிறது. அவ்வாறு கீறல்களாகிப் போயிருந்த சுமார் 9,000 கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் மீண்டும் எழுத்துக்களாக்கி நம் கையில் தந்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் இங்கே காணப் போகிறோம். அவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். கன்னட நாட்டினர் அவரைச் சாசனப் பிதாமகர் என்று போற்றுகின்றனர்.

பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயர்

லூயிஸ் ரைஸ் 1837ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரில் பிறந்தார். இந்திய எழுத்துக்களின் வரலாற்றில் 1837 ஒரு சிறப்பான ஆண்டு. கல்கத்தா நாணயச்சாலையில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரின்செப் என்பவர், அசோகரின் கல்வெட்டுகளில் காணப்படும் பிராமி எழுத்தின் புதிரை அந்த ஆண்டில்தான் விடுவித்தார். சாஞ்சியின் தூண்களிலும் கற்களிலும் சிறு வரிகள் பல ஒரே மாதிரி முடிவதை அவர் கவனித்தார். அவை கொடையாளர்களின் பெயர்களாகத்தான் இருக்க வேண்டும், இறுதியில் வருவது தானம் என்னும் சொல்லாகவே இருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்தார். ஈவது என்னும் பண்பைக் குறிக்கும் ஒரு சொல்லே பாரதத்தின் பழைய எழுத்துக்களைத் திறந்த சாவியாயிற்று. வடக்கே அந்தக் கதவு திறந்த ஆண்டிலேயே, தெற்கே அதே பணியைத் தொடர இருந்தவர் பிறந்தார்.

ரைஸின் தந்தை பெஞ்சமின் ஹோல்ட் ரைஸ், லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார். மகன் பிறந்த ஆண்டிலேயே அவர் பெங்களூருக்கு வந்தார். கன்னடம் கற்றார், பள்ளிகள் நிறுவினார், மாணவர்களுக்குக் கன்னடத்திலேயே பாடநூல்கள் எழுதினார். பெங்களூரின் அவென்யூ சாலையில் உள்ள தேவாலயம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தகைய தந்தையின் இல்லத்தில், காதில் முதலில் விழுந்த ஒலிகளோடு கன்னடத்தையும் சேர்த்துக் கேட்டு வளர்ந்தார் லூயிஸ். உயர்கல்விக்காக இங்கிலாந்து சென்று பட்டம் பெற்ற அவர், 1860ஆம் ஆண்டு பெங்களூருக்குத் திரும்பி, அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். பிற்காலத்தில் மத்தியக் கல்லூரி என்று புகழ்பெற்றது அந்தப் பள்ளியே.

1865ஆம் ஆண்டு மைசூர், குடகுப் பகுதிகளின் பள்ளி ஆய்வாளராக அவர் நியமிக்கப்பட்டார். பின்னர் கல்வித்துறையின் இயக்குநராகவும் உயர்ந்தார். 1882இல் இந்திய அரசு அமைத்த ஹன்டர் கல்விக் குழுவின் செயலாளராகவும் பணியாற்றினார். அவருடைய அலுவல் வாழ்க்கை இந்த அளவோடு நின்றிருந்தால், ஒரு நல்ல அதிகாரி என்ற பெயரோடு அவர் மறக்கப்பட்டிருப்பார்.

பள்ளிக்கூடத்திற்குச் செல்லும் வழியில்

பள்ளி ஆய்வாளரின் வேலை ஊர் ஊராகச் செல்வது. ரயில் பாதைகள் அரிதாக இருந்த காலம் அது. ஒரு ஊரின் பள்ளியைப் பார்வையிடச் சென்றால் ஏரிக்கரை வழியாகவும் கோயில் முற்றம் வழியாகவும்தான் செல்ல வேண்டும். அங்கெல்லாம் எழுத்துப் பொறித்த கற்கள் நின்றன. சில வயல் வரப்பில் சாய்ந்து கிடந்தன. சில வாய்க்காலின் மேல் பாலமாகப் போடப்பட்டிருந்தன. சிலவற்றின் மேல் துணி துவைத்தார்கள். படிப்பைப் பரப்பச் சென்றவருக்கு, படிக்கப்படாமல் கிடந்த ஒரு பெரிய நூலகமே வழியெங்கும் தென்பட்டது.

அதே 1865இல் மேஜர் டிக்ஸன் என்ற இராணுவ அதிகாரி, மைசூர் நாட்டின் சுமார் 150 கல்வெட்டுகளைப் புகைப்படம் எடுத்தார். அப்போது மைசூரின் ஆணையராக இருந்த பௌரிங் இதற்கு ஏற்பாடு செய்தார். இன்றைய பங்காருப்பேட்டை அன்று பௌரிங்பேட்டை என்று இவருடைய பெயரால்தான் வழங்கிற்று. படங்கள் கிடைத்தன, அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே! அந்தப் பொறுப்பு ரைஸிடம் வந்தது. கல்வித்துறை வேலைகளுக்கு இடையே, பண்டிதர்களின் துணையோடு பல ஆண்டுகள் முயன்று அவற்றைப் படித்தார். 1879ஆம் ஆண்டு மைசூர்க் கல்வெட்டுகள் என்னும் நூலாக அவற்றின் மொழிபெயர்ப்பை வெளியிட்டார்.

அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பழங்கல்வெட்டில் சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. தமிழ்க் கல்வெட்டானால் பெரும்பாலும் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இராது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு காட்டப்பட்டிராது. இன்று நாம் எழுதும் வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏற்படுத்தினார் என்பர். கன்னடத்தின் மகரமும் வகரமும் உருவில் மிக நெருங்கியவை. ஒரு சிறு வளைவு தேய்ந்துவிட்டால் ஒன்று மற்றொன்றாகிப் பொருளே மாறிவிடும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, எழுத்தின் வடிவமே நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறிக்கொண்டு வந்திருக்கிறது. நேர்கோடுகளால் ஆன பிராமி, தெற்கே வந்து மெல்ல மெல்ல வளைந்தது. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதும் வழக்கம் அந்த வளைவுகளை வளர்த்தது என்று அறிஞர் கருதுவர். அதிலிருந்து ஒரு கிளை கன்னடமாகவும் தெலுங்காகவும், மற்றக் கிளைகள் கிரந்தமாகவும் தமிழாகவும் வட்டெழுத்தாகவும் பிரிந்தன. எனவே ஒரே ஊரில் நூறு ஆண்டு இடைவெளியில் வெட்டப்பட்ட இரண்டு கற்கள்கூட ஒரே மாதிரி இரா.

ஒரு தாய், பல மக்கள்

ஒரு எழுத்து மற்றொன்றுக்குத் தாயாவதும், மக்களுள் ஒன்று தழைக்க மற்றொன்று மறைவதும் நம் நாட்டில் மட்டும் நடந்தவை அல்ல. பேத்தமங்களாவின் பழங்கற்கள் வெட்டப்பட்ட அதே 9, 10ஆம் நூற்றாண்டுகளில், தொலைதூர ஐரோப்பாவிலும் இதே கதை நிகழ்ந்தது.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கா நகரில் கான்ஸ்டன்டைன், மெத்தோடியஸ் என்று இரு சகோதரர்கள் இருந்தனர். துறவு பூண்டபோது கான்ஸ்டன்டைன் சிரில் என்று பெயர் பெற்றார். 863ஆம் ஆண்டளவில் மொராவியா நாட்டு ஸ்லாவிய மக்களுக்கு அவர்கள் தாய்மொழியிலேயே சமய உண்மைகளைக் கற்பிக்கும் பணி இவர்களுக்குத் தரப்பட்டது. அந்த மொழிக்கு அதுவரை முறையான எழுத்து இல்லை. சிரில் அதற்கெனப் புதிதாக ஓர் எழுத்தை உருவாக்கினார். கிளகோலிதிக் என்பது அதன் பெயர். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் அன்றி இறைவனை வழிபடலாகாது என்று வாதிட்டவர்களை அவர் எதிர்க்க வேண்டியிருந்தது. 869இல் சிரில் ரோமாபுரியில் காலமானார். 885இல் மெத்தோடியஸ் மறைந்தபின் அவர்களுடைய சீடர்கள் மொராவியாவிலிருந்து விரட்டப்பட்டுப் பல்கேரியாவில் அடைக்கலம் புகுந்தனர்.

அங்கே, கிரேக்க எழுத்தை அடிப்படையாகக் கொண்டு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு மட்டும் புதிய வடிவங்களைச் சேர்த்து, மற்றோர் எழுத்து தோன்றியது. ஆசானின் நினைவாக அது சிரிலிக் என்று வழங்கலாயிற்று. இன்று ரஷ்யமும் பல்கேரியமும் எழுதப்படுவது அதில்தான். சிரில் தாமே உருவாக்கிய கிளகோலிதிக்கோ, குரோவேசியாவின் சில பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் மெல்ல வழக்கொழிந்தது. தமிழில் இல்லாத வடமொழி ஒலிகளை எழுதத் தென்னாட்டில் கிரந்தம் வளர்ந்ததையும், ஒரு காலத்தில் பரவலாக இருந்த வட்டெழுத்து மறைந்து இன்றைய தமிழ் எழுத்து நிலைத்ததையும் அறிந்த நமக்கு, இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. எழுத்தைப் படைப்பவர் ஒரு வகைத் தொண்டர். மறைந்த எழுத்தை மீட்பவர் மற்றொரு வகைத் தொண்டர். ரைஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

இருபது ஆண்டு வேள்வி

1885ஆம் ஆண்டு மைசூர் அரசு தொல்லியல் துறையை ஏற்படுத்தி, ரைஸை அதன் இயக்குநராக்கியது. கல்வித்துறைப் பொறுப்போடு இதையும் சேர்த்தே அவர் கவனித்தார். 1890 முதல் முழு நேரமும் இதற்கே அளித்தார். அப்போது அவருக்கு வயது 53. பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில் அவருடைய உண்மையான பணி தொடங்கியது.

ஒவ்வொரு மாவட்டமாக, ஒவ்வொரு வட்டமாக, ஒவ்வொரு ஊராகக் கணக்கெடுப்பது என்று அவர் திட்டம் வகுத்தார். முதலில் கல்லின் மேல் படிந்த மண்ணையும் பாசியையும் நீக்கிக் கழுவ வேண்டும். பிறகு ஈரத்தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடிக்க வேண்டும். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் பதியும். அதன்பின் மையை ஒற்றினால், கருமைப் பின்னணியில் எழுத்துக்கள் வெண்மையாகத் தெரியும். இதை மைப்படி எடுத்தல் என்பர். கடும் வெயிலில் தாள் உடனே காய்ந்து உதிரும்; காற்றடித்தால் கிழியும். பாதி புதைந்த கல்லானால் முதலில் தோண்ட வேண்டும். இந்த வேலையில் அவரோடு உழைத்த பண்டிதர்களும் படியெடுப்போரும் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் இன்று நமக்குத் தெரியா. ஆயினும் அவர்களுடைய கைகள் இன்றி இந்த வேள்வி நிறைவேறியிராது.

இவ்வாறு திரட்டியவை எபிகிராஃபியா கர்நாடிகா என்னும் தொகுதிகளாக வெளிவந்தன. குடகுக் கல்வெட்டுகளைக் கொண்ட முதல் தொகுதி 1886இல் வந்தது. சிரவணபெளகொளாவின் கல்வெட்டுகளைக் கொண்ட இரண்டாம் தொகுதி 1889இல் வந்தது. 1905ஆம் ஆண்டளவில் 12 தொகுதிகள் நிறைவுற்றன. அவற்றில் அடங்கிய சாசனங்கள் 8,869 என்று கணக்கிட்டுள்ளனர்.

கற்கள் சொன்ன கதைகள்

படிக்கத் தொடங்கியதும் கற்கள் எதையெல்லாம் சொல்லின!

மண்டியாப் பகுதியின் ஆதகூரில் ஒரு நடுகல் கிடைத்தது. காலம் 949–950. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியை அது கூறுகிறது. ஆனால் அந்தக் கல் நடப்பட்டது அரசனுக்காக அன்று. காளி என்னும் வேட்டை நாய்க்காக. கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் அந்த நாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றான். அது ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு போரிட்டது, இரண்டும் மடிந்தன. நாயின் வீரத்திற்குக் கல் நட்டு, அதற்கு வழிபாடு நடக்க நிலமும் விடப்பட்டது. பேரரசுகளின் போரும் ஒரு நாயின் விசுவாசமும் ஒரே கல்லில் இடம்பெற்றன.

1892ஆம் ஆண்டு சித்திரதுர்க்கா மாவட்டத்தின் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய இடங்களில் அசோகரின் பாறைக் கட்டளைகளை ரைஸ் கண்டறிந்தார். மௌரியரின் ஆணை இவ்வளவு தெற்கே பரவியிருந்தது என்பதற்கு அது முதல் உறுதியான சான்றாயிற்று. தாய் தந்தையருக்குப் பணிதல், உயிர்களிடம் இரக்கம், உண்மை பேசுதல், ஆசிரியரை மதித்தல் என்று இந்தக் கட்டளைகள் அறத்தை வலியுறுத்துகின்றன. இவற்றின் முடிவில் ஓர் அரிய செய்தி இருக்கிறது. கட்டளையை எழுதியவர் சபடர் என்னும் எழுத்தர். கட்டளை முழுவதையும் அவர் இடமிருந்து வலமாகச் செல்லும் பிராமியில் எழுதினார். ஆனால் தம்மை எழுத்தர் என்று குறிப்பிடும் ஒரு சொல்லை மட்டும் வலமிருந்து இடமாகச் செல்லும் கரோஷ்டி எழுத்தில் பொறித்தார். கரோஷ்டி பாரதத்தின் வடமேற்கு எல்லையில் வழங்கியது. காந்தாரப் பகுதியோடு தொடர்புடைய ஒருவர் கன்னட நாட்டுப் பாறைகளுக்கு இடையே அமர்ந்து, தம் பக்கத்து எழுத்தில் ஒரே ஒரு சொல்லை விட்டுச் சென்றிருக்கிறார். பேரரசரின் ஆணையைவிட அந்த ஒரு சொல் நம் நெஞ்சை அதிகம் தொடுகிறது.

1894இல் ஷிமோகா மாவட்டத்தின் தாளகுந்தாவில் கதம்பர்களின் தூண் கல்வெட்டை அவர் வெளிக்கொணர்ந்தார். காஞ்சிக்கு வேதம் பயிலச் சென்ற மயூரசர்மன் அங்கே அவமதிக்கப்பட்டு, வாளேந்தி அரசு நிறுவிய வரலாறு அதில் செய்யுளாக அமைந்துள்ளது. கதம்பர் குலத்தின் தோற்றத்தை நாம் இன்று அறிந்திருப்பது அந்தத் தூணினால்தான்.

சமணர், சைவர், வைணவர் என்ற வேறுபாடின்றி எல்லோருடைய அறக்கொடைகளையும் ஒரே கவனத்தோடு அவர் படித்தார். ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் மகன், சிரவணபெளகொளாக் குன்றில் உணவை நீத்து உயிர்விட்ட சமண முனிவர்களின் நினைவுக் கற்களின் முன் நாள்கணக்கில் அமர்ந்து எழுத்தெண்ணிப் படித்தார். அறிவைத் தேடும் உள்ளம் தூய்மையாக இருக்குமானால் எல்லாச் சமயத்தவரின் தியாகத்தையும் அதனால் உணர முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

கோலாரும் பேத்தமங்களாவும்

12 தொகுதிகளுள் 10ஆவது கோலார் மாவட்டத்திற்குரியது, 1905இல் வெளிவந்தது. கோலாரின் பழைய பெயர் குவளாலம். கங்கர்கள் குவளாலபுரத்தின் தலைவர்கள் என்று தங்களைப் பெருமையோடு அழைத்துக்கொண்டனர். 11ஆம் நூற்றாண்டில் இப்பகுதி சோழர் ஆட்சிக்கு உட்பட்டு, நிகரிலிச் சோழமண்டலம் என்னும் பெயர் பெற்றது. கோலாரம்மா கோயிலில் முதலாம் ராஜேந்திரன் முதலான சோழ மன்னர்களின் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. எனவே இம்மாவட்டத்தில் கன்னடமும் தமிழும் அருகருகே கல்லில் நிற்கின்றன. தமிழ்க் கல்வெட்டுகளுக்குள் வடமொழிச் சொற்கள் கிரந்த எழுத்தில் வருகின்றன. ஓர் ஆய்வாளர் ஒரே நாளில் மூன்று எழுத்துக்களுக்கு இடையே மாறி மாறிப் படிக்க வேண்டிய மண் இது.

பேத்தமங்களாவின் சாசனங்களும் அத்தொகுதியில் இடம்பெற்றன. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம் என்பது அப்போது தெரியவந்தது. மாவலியின் மரபில் வந்தவர்கள் என்று தங்களைக் கூறிக்கொண்ட வாணர்கள் இப்பகுதியை ஆண்டனர். அவர்களுள் விஜயாதித்தன் என்னும் மன்னனின் பெயரால் ஊர் அமைந்தது என்று கருதப்படுகிறது. 10ஆம் நூற்றாண்டில் ஏரி உடைந்தபோது நுளம்ப மன்னன் இரிவ நுளம்பன் அதை மீண்டும் கட்டுவித்தான். ஹொய்சளர் காலத்தில் மறுபடியும் அது செப்பனிடப்பட்டது.

இந்தச் செய்தியின் அருமையை எண்ணிப் பாருங்கள். அரசர்கள் மாறினர், குலங்கள் மாறின, மொழிகள் மாறின. ஆனால் கரை உடைந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் முன்வந்து அதைக் கட்டினர். ரைஸ் இந்தக் கற்களைப் படித்த காலத்தில்தான் அருகே தங்கச் சுரங்கங்கள் பெருகிக்கொண்டிருந்தன. அங்கே பூமியைத் துளைத்துப் பொன்னை எடுத்தார்கள். இங்கே ஒருவர் கல்லின் மேற்பரப்பிலிருந்தே ஒரு நாட்டின் நினைவை எடுத்துக்கொண்டிருந்தார். பொன் இங்கிருந்து வெளியேறிவிட்டது. நினைவு நம்மிடமே தங்கியது.

பிழையும் பணிவும்

ரைஸின் வாழ்க்கை எதிர்ப்பின்றி ஓடவில்லை. பம்பாய் மாகாணத்தில் பணிபுரிந்த ஜான் ஃபெயித்ஃபுல் ஃப்ளீட், அக்காலத்தின் தலைசிறந்த கல்வெட்டறிஞர்களுள் ஒருவர். ரைஸ் நம்பிக்கையோடு வெளியிட்ட பல கங்கர் செப்பேடுகள் போலியானவை என்று அவர் வாதிட்டார். அவருடைய வாதம் எழுத்தின் வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு செப்பேடு தன்னை 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் அதன் எழுத்து 10ஆம் நூற்றாண்டுக்குரிய வடிவத்தில் இருந்தால் அதை எப்படி நம்புவது? வாசகம் பொய் சொல்லலாம். எழுத்தின் வளைவு பொய் சொல்லாது என்பதே அந்த வாதத்தின் சாரம். நிலவுரிமையைப் பிற்காலத்தில் நிலைநாட்டிக்கொள்ள விரும்பியவர்கள் பழைய மன்னர்களின் பெயரால் செப்பேடுகள் செய்ததுண்டு என்பது உண்மையே.

சந்திரகுப்த மௌரியர் தம் குருவாகிய பத்திரபாகுவுடன் சிரவணபெளகொளாவுக்கு வந்து தவமியற்றினார் என்ற சமண மரபை ரைஸ் ஏற்றார். ஃப்ளீட் அதையும் மறுத்தார். பல ஆண்டுகள் இந்த விவாதம் நீண்டது. காலம் என்ன தீர்ப்பளித்தது? ஃப்ளீட் ஐயுற்ற செப்பேடுகளுள் பல போலியானவையே என்று பின்வந்தோரும் கண்டனர். ஆனால் கங்கர்களின் தொன்மையைப் பற்றி ரைஸ் கொண்டிருந்த நம்பிக்கையும் முற்றிலும் வீணாகவில்லை. பிற்காலத்தில் கிடைத்த பெனுகொண்டா செப்பேடு உண்மையானது என்று ஃப்ளீட்டே ஒப்புக்கொண்டார். சந்திரகுப்தர் பற்றிய வினா இன்றும் அறிஞர்களிடையே விவாதத்திற்குரியதாகவே இருக்கிறது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. ரைஸ் தாம் படித்த மூலத்தை மறைக்கவில்லை. கல்லில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து அச்சிட்டு, ஆங்கில எழுத்துக்களிலும் பெயர்த்து, மொழிபெயர்ப்பையும் தந்தார். தாம் தவறியிருந்தால் பிறர் திருத்துவதற்கான வாயிலை அவரே திறந்து வைத்தார். அவருடைய வாசிப்புகள் பலவற்றைப் பின்வந்தோர் திருத்தினர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கன்னட ஆய்வு நிறுவனம் 1972 முதல் இத்தொகுதிகளின் திருத்திய பதிப்பை வெளியிடத் தொடங்கியது. தம் முடிவைக் காட்டிலும் உண்மையே பெரிது என்று கருதுபவரால்தான் இப்படித் தம் வேலையைப் பிறர் சோதனைக்கு வைக்க முடியும். சாதகனுக்குச் சொல்லப்படும் அகங்காரத் துறவு, அறிஞனின் மேசையில் எடுக்கும் வடிவம் இதுவே.

கல்லிலிருந்து ஏட்டிற்கு

கல்வெட்டுகளைப் படிக்கப் பழங்கன்னட இலக்கியம் தெரிய வேண்டும். அந்த இலக்கியமோ சுவடிகளில் முடங்கிக் கிடந்தது. எனவே ரைஸ் அதையும் வெளிக்கொணர முனைந்தார். பட்டாகளங்கரின் கன்னட இலக்கணத்தையும் பம்பனின் பாரதத்தையும் பதிப்பித்தார். அவர் தொடங்கிய நூல்வரிசையில் கவிராஜமார்க்கம் 1898இல் வெளிவந்தது. அதைப் பதிப்பித்தவர் கே. பி. பாடக். நமக்குக் கிடைத்துள்ள கன்னட நூல்களுள் மிகப் பழையது அதுவே. 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் அவையில் அது உருவாயிற்று. ஸ்லாவிய மக்களுக்காகச் சிரில் எழுத்தமைத்துக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். மைசூர், குடகு நாடுகளைப் பற்றி ரைஸ் எழுதிய விரிவான விவரச்சுவடி 1876 முதல் 1878 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. 1897இல் திருத்திய பதிப்பும் வந்தது.

1906ஆம் ஆண்டு அவர் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். அவருடைய உதவியாளராக இருந்த ஆர். நரசிம்மாச்சாரியார் பொறுப்பேற்றுப் பணியைத் தொடர்ந்தார்; மேலும் பல கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். 1909இல், தாம் திரட்டிய சாசனங்கள் அனைத்தின் சாரத்தையும் மைசூர், குடகு வரலாறாகத் தொகுத்து ரைஸ் ஒரு நூல் வெளியிட்டார். 1927ஆம் ஆண்டு ஜூலை மாதம், 90 வயதை எட்டவிருந்த நிலையில், ஹாரோவில் அவர் காலமானார்.

அவர் மறைந்து 9 ஆண்டுகளுக்குப் பின், 1936இல், ஹாசன் மாவட்டத்தின் ஹல்மிடி கல்வெட்டை எம். எச். கிருஷ்ணா கண்டறிந்தார். 5ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படும் அதுவே மிகப் பழைய கன்னடக் கல்வெட்டுகளுள் முதன்மையாகப் போற்றப்படுகிறது. ரைஸ் அதைக் காணவில்லை. ஆனால் அதைப் படிக்கும் கண்ணைப் பின்வந்தோருக்கு அளித்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

நம் பங்கு

பேத்தமங்களாவின் ஏரிக்கரையில் இன்று நிற்கும் ஒருவர் தம் ஊரின் ஆயிரம் ஆண்டுப் பெயரை அறிய முடியும். உடைந்த கரையைக் கட்டியவனுக்கு மனத்தால் நன்றி சொல்ல முடியும். இடையில் அறுந்துபோயிருந்த ஒரு நூலை ஒருவர் பொறுமையாக முடிந்து வைத்ததால் இது கைகூடியது. தமக்கு விதிக்கப்பட்ட அலுவலை முடித்த பின் எஞ்சிய பொழுதைத்தான் முதலில் அவர் இதற்கு அளித்தார். பிறகு எஞ்சிய வாழ்நாளையே அளித்தார். கற்கள் அவருக்கு நன்றி கூறப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். பலனை எதிர்பாராத செயல் என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். அது எப்படியிருக்கும் என்று காண விரும்பினால், வெயிலில் ஈரத்தாளோடு ஒரு கல்லின் முன் அமர்ந்திருக்கும் அம்முதியவரை நினைத்துக்கொண்டால் போதும்.

இன்னும் எத்தனையோ ஊர்களில் எழுத்துப் பொறித்த கற்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. கோயில் திருப்பணியின்போது சுண்ணாம்புக்கும் வண்ணத்துக்கும் அடியில் மறைந்தவையும், சாலை போடும்போது உடைக்கப்பட்டவையும் உண்டு. நம்மில் எல்லோரும் ரைஸ் ஆக முடியாது. ஆனால் நம் ஊரில் அப்படி ஒரு கல்லைக் கண்டால், அதன்மேல் வண்ணம் பூசாமலும் அதை இடம்பெயர்க்காமலும் காத்து, படிக்கத் தெரிந்தவர்களுக்குச் செய்தி சொல்ல நம்மால் முடியும். முன்னோர் நமக்கென்று எழுதி வைத்த கடிதம் அது. அதைப் பிரித்துப் படிக்கும்வரையாவது பத்திரமாக வைத்திருப்பது நம் கடமை அல்லவா?